இமைமுடியில் டெமோடெக்ஸ்: கீழே பார்க்கச் சொன்னால்தான் தெரியும்

காலையில் எழுந்ததும் இமையோரம் அரிப்பு. பகலில் கண்ணுக்குள் மணல் விழுந்த மாதிரி உறுத்தல். இமைமுடியின் அடியில் பொடுகு போல ஏதோ ஒட்டியிருக்கிறது. துடைத்தால் போகிறது, ஒரு வாரத்தில் திரும்ப வந்துவிடுகிறது. இப்படிச் சொல்லிக்கொண்டு வருகிறவர்களிடம் பெரும்பாலும் பழைய மருந்துச் சீட்டு இரண்டு மூன்று இருக்கும். ஒன்றில் அலர்ஜி என்று எழுதியிருக்கும், இன்னொன்றில் கண் வறட்சி என்றிருக்கும். ஸ்டீராய்டு கலந்த சொட்டு மருந்து போட்டவரை நன்றாக இருந்தது, நிறுத்தியதும் பழையபடி ஆகிவிட்டது என்பார்கள்.

இவர்களில் கணிசமானவர்களுக்கு இருப்பது டெமோடெக்ஸ் உண்ணியால் வரும் இமை அழற்சி. அமெரிக்கக் கண் மருத்துவமனைகளுக்குப் பல்வேறு காரணங்களுக்காக வந்த 1,032 பேரின் பரிசோதனைக் குறிப்புகளைத் திரட்டி 2022-ல் வெளியான ஓர் ஆய்வில், 57.7% பேருக்கு இதன் அடையாளம் இமையில் இருந்தது. இதைக் கண்டுபிடிக்க ஸ்கேன் வேண்டாம், ரத்தப் பரிசோதனை வேண்டாம். தாடையை வைத்து நெற்றியை ஒட்டி உட்கார வைப்பார்களே, அந்த ஸ்லிட் லேம்ப் போதும். ஒரு நிமிடம்கூட ஆகாது. அப்படியும் தப்பிப்போவதற்குக் காரணம் ஒன்றுதான்: நேராகப் பார்க்கச் சொல்லிவிட்டு, கருவிழியைப் பார்த்து, லென்ஸைப் பார்த்து, அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுகிறோம். "கண்ணை மூடாமல் கீழே பாருங்கள்" என்று சொல்வதில்லை.

முதலில் உண்ணியைப் பற்றிக் கொஞ்சம். மாட்டிலும் நாயிலும் ஒட்டும் உண்ணிக்கு இது தூரத்துச் சொந்தம். எட்டுக் கால் உண்டு, ஆனால் ரத்தம் குடிக்காது, வெறுங்கண்ணுக்குத் தெரியாது. ஜேக்கப் ஹென்லே 1841-ல் காதுக் குறும்பியில் இதைக் கண்டார். மறு ஆண்டு குஸ்டாவ் சைமன் முகப்பருவை ஆராயும்போது விரிவாக எழுதினார். 1843-ல் ரிச்சர்ட் ஓவன் பெயர் வைத்தார்: கிரேக்கத்தில் கொழுப்பைக் குறிக்கும் சொல்லோடு மரத்தைத் துளைக்கும் புழுவைக் குறிக்கும் சொல்லைச் சேர்த்து டெமோடெக்ஸ். கொழுப்பு சுரக்கும் இடத்தைத் தேடிக் குடியிருக்கும் உயிருக்குப் பொருத்தமான பெயர்.

மனிதர்களிடம் இரண்டு இனம் உண்டு. ஃபோலிகுலோரம் 0.3 முதல் 0.4 மி.மீ. நீளம். இமைமுடி முளைக்கும் குழிக்குள் தலைகீழாக, கூட்டமாக இருக்கும், வால் வெளிப்பக்கம். பிரெவிஸ் இன்னும் குட்டை, சுமார் 0.2 மி.மீ. அது இமை விளிம்பில் வரிசையாக இருக்கும் மெய்போமியன் எண்ணெய்ச் சுரப்பிகளுக்குள்ளே போய்த் தனியாகத் தங்கும். இரண்டுக்கும் வெளிச்சம் ஆகாது. இரவில் வெளியே வந்து இணைசேர்ந்து, பக்கத்துக் குழிக்கு நகர்ந்துவிடும். முட்டையிலிருந்து சாவு வரை இரண்டு மூன்று வாரம். இந்தக் கணக்கை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், சிகிச்சை பற்றிப் பேசும்போது தேவைப்படும்.

பயப்படுவதற்கு முன் ஒன்று சொல்ல வேண்டும். உண்ணி இருப்பதே நோய் ஆகாது. வயது வந்த பெரும்பாலானவர்களின் முகத்தோலில் இது இருக்கிறது. வயது ஏற ஏற எண்ணிக்கையும் ஏறும். எண்ணிக்கை மிஞ்சும்போதுதான் தொந்தரவு. குழியின் சுவரை நகத்தால் சுரண்டிச் சுரண்டி அது வீங்குகிறது, தோல் செல்கள் தடித்து உதிர்கின்றன, உண்ணியின் கழிவும் அதன் உடம்பில் ஒட்டிவரும் பாக்டீரியாவும் அழற்சியைத் தூண்டுகின்றன. பிரெவிஸ் எண்ணெய்ச் சுரப்பியை அடைத்தால் கண்ணீரின் மேல் படர வேண்டிய எண்ணெய்ப் படலம் குறைந்து, கண்ணீர் சீக்கிரம் ஆவியாகிவிடுகிறது. ஆக, பழைய சீட்டில் கண் வறட்சி என்று எழுதியது பொய்யில்லை. வறட்சி இருக்கிறது, ஆனால் அது விளைவு. காரணம் இமைமுடியின் அடியில் இருக்கிறது.

எப்படிப் பார்ப்பது

வருகிறவர் அன்று காலை இமையைத் தேய்த்துக் கழுவியிருக்கக் கூடாது. மை, மஸ்காரா, ஐலைனர் எதுவும் கூடாது. இதை முன்கூட்டியே சொல்லாவிட்டால் பார்க்க வேண்டிய தடயத்தை அவரே அழித்துவிட்டு வந்து உட்கார்வார். நாள்தோறும் மை தீட்டுகிறவர்களிடம் இது அதிகம் நடக்கிறது.

அறை வெளிச்சத்தைக் குறைத்து, ஸ்லிட் லேம்ப்பின் ஒளிக்கற்றையை அகலமாக வைத்து, 30 முதல் 45 டிகிரி பக்கவாட்டிலிருந்து விழ வையுங்கள். வெளிச்சம் மிதமாக இருக்கட்டும். பளீரென்று அடித்தால் ஒளி ஊடுருவும் செதில் வெளிறிப்போய்த் தெரியாது. முதலில் 10 மடங்கில் ஒரு முழு ஓட்டம், காதுப்பக்க ஓரத்திலிருந்து மூக்குப்பக்கம் வரை. சந்தேகமான இடத்தில் 16 அல்லது 25 மடங்குக்குப் போங்கள். அவர் கீழே பார்த்தபடி இருக்க வேண்டும், ஆனால் மூடக் கூடாது. நேரே பார்க்கும்போது மேல் இமைமுடிகள் முன்னோக்கி நீட்டிக்கொண்டு நிற்பதால் அவற்றின் அடிப்பகுதி நம் பார்வைக்குப் படுவதில்லை. கீழே பார்த்ததும் இமை இறங்கி, முடி வரிசையின் வேர்ப்பக்கம் முழுதும் நமக்கு நேராகத் திரும்பிவிடும். விரலால் இமையைத் தூக்காதீர்கள். விரல் பட்ட இடத்தில் செதில் உதிரும்.

தேட வேண்டியது கோலரெட் எனப்படும் உருளைச் செதில். ஊதுபத்திக் குச்சியைச் சுற்றி மாவு பிடித்திருக்கிறதல்லவா, அப்படி. ஆனால் முடியின் அடியில் மட்டும், ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான உயரத்தில், மெழுகு நிறத்தில், ஒளி பாதி ஊடுருவும்படி, முடியை முழுவட்டமாகச் சுற்றி ஓர் உறை. அது இமைத்தோலில் குந்தியிருக்கும். முடி வளர வளரக் கொஞ்சம் மேலே ஏறியும் நிற்கும். உதிர்ந்த செல்கள், உண்ணியின் கழிவு, முட்டை எல்லாம் கெட்டியாகச் சேர்ந்ததுதான் அந்த உறை. இந்த வடிவம் டெமோடெக்ஸுக்கே உரியது. இதைப் பார்த்துவிட்டால் முடியைப் பிடுங்கி நுண்ணோக்கியில் காட்ட வேண்டிய கட்டாயம் இல்லை.

25 மடங்குக்கு மேல் போய்ப் பொறுமையாகப் பார்த்தால் இன்னொன்றும் தெரியலாம். முடி வெளிவரும் வாயில் உப்பிப்போய், அதைச் சுற்றி மிகக் குட்டையான, நிறமில்லாத முட்கள் இரண்டு மூன்று துருத்திக்கொண்டிருக்கும். முள் என்று தோன்றுவது உண்ணியின் வால். வெளிச்சம் தொடர்ந்து பட்டால் உள்ளே இழுத்துக்கொள்ளும்.

பார்த்ததை எண்ணாகப் பதிவு செய்யுங்கள். 'செதில் உள்ளது' என்று எழுதி வைத்தால் ஆறு வாரம் கழித்து ஒப்பிட எதுவும் இருக்காது. மருந்து ஆய்வுகளில் பயன்படும் அளவுகோல் மேல் இமைக்கானது: கோலரெட் உள்ள முடிகள் 0 முதல் 2 வரை என்றால் நிலை 0, 3 முதல் 10 வரை நிலை 1, 10-க்கு மேல், ஆனால் மொத்த முடியில் மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே என்றால் நிலை 2, மூன்றில் ஒன்று முதல் மூன்றில் இரண்டு வரை நிலை 3, அதற்கும் மேல் நிலை 4. செல்போனை ஸ்லிட் லேம்ப்பின் கண்வில்லையில் பொருத்தி ஒரு படமும் எடுத்து வைத்தால் நோயாளிக்குக் காட்டுவதற்கு அதைவிட நல்ல சாதனம் இல்லை. தன் இமையில் இருப்பதைத் தானே பார்த்தவர் ஆறு வாரம் மருந்தை விடாமல் போடுவார்.

வீட்டில் இருக்கிறவர்களுக்கு: செல்போன் கேமராவின் மேக்ரோ நிலையில், கீழே பார்த்தபடி இருக்கும்போது வேறொருவர் படம் எடுத்தால் ஓரளவு தெரியும். அதை வைத்து நோயை முடிவு செய்ய வேண்டாம். மருத்துவரிடம் காட்டி 'இது என்ன' என்று கேட்கப் பயன்படும்.

சோதனையின் வரிசை

கண்ணீர்ப் படலம் எவ்வளவு நேரம் உடையாமல் நிற்கிறது என்பதையும் அன்றே பார்க்க வேண்டும். அதை இமையை அழுத்துவதற்கு முன்பே, மரப்பு மருந்து எதுவும் விடுவதற்கு முன்பே செய்துவிட வேண்டும். இமையை அழுத்தினால் எண்ணெய் வெளிவந்து படலம் மாறிவிடும். மரப்பு மருந்து அதைக் குலைத்துவிடும். ஃபுளோரசின் என்ற சாயம் தோய்ந்த தாளை ஒரு சொட்டு சலைனில் நனைத்து, அதிகப்படியை உதறிவிட்டு, கீழ் இமை உள்பக்கம் மெல்லத் தொட்டு, மூன்று முறை சிமிட்டச் சொல்லி, நீல ஒளியில் முதல் கரும்புள்ளி தோன்றும் வரை நொடிகளை எண்ணுங்கள். 10 நொடிக்குக் குறைந்தால் படலம் நிலையாக இல்லை. தாளில் நீர் சொட்டச் சொட்ட விட்டால் நேரம் பொய்யாகக் கூடிவிடும்.

கோலரெட்டை எண்ணும் வேலை இதற்கும் முன்னால். சாயம் இமையோரம் வழிந்துவிட்டால் செதிலின் நிறம் மாறி எது எது என்று குழம்பும்.

கடைசியாகக் கீழ் இமையின் நடுவில், விளிம்புக்குச் சற்றுக் கீழே, விரலாலோ பஞ்சுக் குச்சியாலோ 10, 15 நொடி சீராக அழுத்துங்கள். நல்ல சுரப்பியிலிருந்து சமையல் எண்ணெய் போலத் தெளிவாக வரும். கலங்கி வந்தாலோ, ரவை ரவையாக வந்தாலோ, பற்பசை மாதிரி கெட்டியாகப் பிதுங்கினாலோ, எதுவுமே வராவிட்டாலோ சுரப்பி பாதிக்கப்பட்டிருக்கிறது. இமை விளிம்பில் மெல்லிய ரத்தக்குழாய்கள் படர்ந்திருக்கின்றனவா, முடி கோணலாக வளர்கிறதா, இடையிடையே உதிர்ந்திருக்கிறதா, கருவிழியின் ஓரத்தில் வெண்புள்ளி உண்டா என்பதையும் அப்படியே பார்த்துவிடலாம். கண்கட்டி அடிக்கடி வந்து போகிறவர்களுக்கும், கான்டாக்ட் லென்ஸ் திடீரென ஒத்துக்கொள்ளாமல் போனவர்களுக்கும் இந்தச் சோதனை கட்டாயம்.

எதோடு எது குழம்பும்

ஸ்டாஃபிலோகாக்கஸ் பாக்டீரியாவால் வரும் இமை அழற்சியில் செதில் மஞ்சளாக, கடினமாக, நொறுங்கும்படி இருக்கும். பெயர்த்தால் அடியில் புண்ணோ ரத்தக்கசிவோ தெரியும். செபோரிக் வகையில் செதில் பிசுபிசுப்பாக, முடி நெடுகிலும் சிதறிக் கிடக்கும். அவர் புருவத்தையும் மூக்கோர மடிப்பையும் உச்சந்தலையையும் பாருங்கள், அங்கேயும் பொடுகு இருக்கும். ஒருவருக்கே இரண்டு வகையும் டெமோடெக்ஸும் சேர்ந்து இருப்பது சகஜம். அலர்ஜியில் அரிப்பு பெரும்பாலும் மூக்குப்பக்க மூலையிலும் கண்ணுக்குள்ளும் இருக்கும், நூல் போலப் பீளை வரும், மேல் இமையைப் புரட்டினால் உள்பக்கம் பொரிப்பொரியாக இருக்கும். டெமோடெக்ஸில் அரிப்பு முடியின் வேரில். "எங்கே அரிக்கிறது, விரலால் காட்டுங்கள்" என்று கேட்டாலே பாதி தெளிவு கிடைக்கும்.

இமைமுடியில் பேன் வருவதும் உண்டு. இது தலைப்பேன் இல்லை. அந்தரங்க முடியில் வாழும் வகை. அதன் ஈர் முட்டை வடிவில், முத்து போல, முடியின் ஒரு பக்கத்தில் சாய்ந்து ஒட்டியிருக்கும். கோலரெட் மாதிரி சுற்றி வளைக்காது, அடியில்தான் இருக்க வேண்டும் என்பதும் இல்லை. செம்பழுப்புப் புள்ளிகளாக அதன் கழிவு இமையில் கிடக்கும். குழந்தையின் இமையில் இதைக் கண்டால் வீட்டில் யாருக்கெல்லாம் இருக்கிறது என்று பார்ப்பதோடு, அது எப்படித் தொற்றியது என்பதையும் மிகுந்த கவனத்தோடு விசாரிக்க வேண்டும். அந்தக் குழந்தையின் பாதுகாப்பு அதில் இருக்கலாம்.

ஒரே கண்ணில் மட்டும் நீடிக்கும் அழற்சி, ஒரே இடத்தில் முடி கொட்டிப்போனது, அறுத்து எடுத்த கட்டி அதே இடத்தில் மறுபடி வருவது: இந்த மூன்றில் ஒன்று இருந்தாலும் உண்ணி, பாக்டீரியா என்று யோசித்துக்கொண்டிருக்காமல் திசுப் பரிசோதனைக்கு அனுப்புங்கள். எண்ணெய்ச் சுரப்பியில் தோன்றும் புற்றுநோய் இமை அழற்சி போலவே வேஷம் போடும். இமையில் வரும் புற்றுநோய்களில் இதன் பங்கு மேலைநாடுகளைவிட இந்தியாவில் அதிகம். டெமோடெக்ஸ் பெரும்பாலும் இரண்டு கண்ணிலும்தான் இருக்கும்.

முடியைப் பிடுங்கிப் பார்ப்பதென்றால்

கோலரெட் தெளிவாக இல்லாமல் தொந்தரவு மட்டும் தொடரும்போதும், ஆய்வுக்கு எண்ணிக்கை வேண்டும்போதும் இது தேவைப்படும். பிழை நடக்க இடம் அதிகம் உள்ள வேலை. செதில் உள்ள முடியைத் தேர்ந்தெடுங்கள்; கண்ணை மூடிக்கொண்டு ஏதோ ஒரு முடியைப் பிடுங்கினால் 'இல்லை' என்று தவறான முடிவு வரும். நுனி மெலிந்த இடுக்கியால் முடியை அடிக்குச் சற்று மேலே பிடித்து, முதலில் இடமும் வலமுமாக மெல்லச் சுழற்றுங்கள். இந்தச் சுழற்றலிலேயே சில சமயம் உண்ணிகள் குழியிலிருந்து வெளியே வருவதை ஸ்லிட் லேம்ப்பில் பார்க்கலாம். அப்படிப் பார்த்துவிட்டால் பிடுங்கவே வேண்டாம். வரவில்லையென்றால் முடி வளர்ந்திருக்கும் திசையிலேயே நிதானமாக இழுங்கள். வெடுக்கென்று இழுத்தால் செதில் உறை உருவிக்கொண்டு இமையிலேயே தங்கிவிடும், உண்ணியும் அதோடு தங்கிவிடும், கையில் வெறும் முடி வரும். ஓர் இமைக்கு இரண்டு வீதம் எட்டு முடி என்பது பழக்கத்தில் உள்ள எண்ணிக்கை.

அடுத்து கண்ணாடிச் சில்லில் முடியை வைத்து, அதன்மேல் மூடுசில்லை முதலில் போட்டுவிட்டு, அதற்குப் பிறகு ஓரத்தில் ஒரு சொட்டு சலைனை விடுங்கள். அது தானாக உள்ளே ஊறும். சொட்டை முதலில் விட்டு மேலே மூடினால் உண்ணிகள் நீரோடு ஓரத்துக்கு மிதந்துபோய் எண்ணிக்கை குறையும். கெட்டியான செதிலுக்குள் புதைந்திருப்பவை உடனே தெரியாது. சலைனுக்குப் பதிலாக ஆல்கஹாலோ ஃபுளோரசின் கலந்த சலைனோ ஓரத்தில் விட்டு 20 நிமிடம் காத்திருந்தால் செதில் இளகி அவை வெளியே நகரும். 40 மடங்கில் தேடி, 100 மடங்கில் உறுதி செய்யுங்கள்: முன்பக்கம் நான்கு ஜோடிக் குட்டைக் கால், பின்னால் நீண்டு மெலிந்து போகும் உடல். எதுவும் கிடைக்காவிட்டாலும் டெமோடெக்ஸ் இல்லை என்று சொல்லிவிட முடியாது. பிரெவிஸ் சுரப்பிக்குள் ஆழத்தில் இருப்பதால் முடியோடு வராது.

கண்டுபிடித்த பிறகு

இதற்கென்றே அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. 2023 ஜூலையில் லோடிலேனர் 0.25% சொட்டு மருந்துக்கு அனுமதி கொடுத்தது. கண்ணுக்கு ஒரு சொட்டு, 12 மணி நேர இடைவெளியில் தினம் இரண்டு வேளை, 6 வாரம். உண்ணியின் நரம்பில் உள்ள குளோரைடு வாயில்களை அடைத்து அதை முடக்குகிறது. ஆறு வாரம் என்பதற்குக் காரணம் முன்பு சொன்ன ஆயுள் கணக்கு. இரண்டு வாரத்தில் நிறுத்தினால் முட்டையிலிருந்து வந்த அடுத்த தலைமுறை அப்படியே இருக்கும்.

டீ ட்ரீ எண்ணெயில் உள்ள டெர்பினென்-4-ஆல் உண்ணியைக் கொல்லும், அது உண்மை. அதற்காகக் கடையில் விற்கும் சுத்த எண்ணெயை வாங்கி இமையில் தடவிவிடாதீர்கள், கருவிழி வெந்துபோகும். 50% கரைசல்கூட மருத்துவமனையில், மரப்பு மருந்து விட்டு, பயிற்சி உள்ளவர் கையால் தடவ வேண்டியது. வீட்டுக்கு இமை துடைக்கவென்றே தயாரித்த மெல்லிய துடைதாள் மட்டும்தான். ஐவர்மெக்டின் மாத்திரையைச் சில மருத்துவர்கள் தருகிறார்கள்: எடைக்கு ஏற்ற அளவு, பொதுவாக ஒரு கிலோவுக்கு 200 மைக்ரோகிராம், ஒரு வார இடைவெளியில் இரண்டு முறை. கர்ப்பிணிகளுக்கும் 15 கிலோவுக்குக் குறைந்த குழந்தைகளுக்கும் கூடாது. நீங்களாக வாங்கிச் சாப்பிடுகிற மருந்து இல்லை. ஆமணக்கு எண்ணெய், நல்லெண்ணெய், தாய்ப்பால் எதையும் கண்ணில் விட வேண்டாம். மை தீட்டுவதானால் இமை விளிம்பின் உள்கோட்டில் வேண்டாம். எண்ணெய்ச் சுரப்பிகளின் வாய் எல்லாம் அங்கேதான் இருக்கிறது.

சுரப்பி அடைத்திருந்தால் ஒத்தடமும் வேண்டும். சுமார் 40 டிகிரி சூடு, 8 முதல் 10 நிமிடம். ஈரத்துணி இரண்டு நிமிடத்தில் ஆறிவிடும் என்பதால் ஒரே துணியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதில் பலன் இல்லை. இரண்டு துணியை மாற்றி மாற்றி வையுங்கள். தலையணை உறையை வெந்நீரில் துவைப்பதும், கூடப் படுப்பவரின் இமையையும் ஒருமுறை பார்த்துவிடுவதும் நல்லது.

ஆறு வாரம் கழித்து அதே இமையை, அதே மடங்கில், கீழே பார்க்கச் சொல்லித் திரும்ப எண்ணுங்கள். சிவப்பு போய்விட்டது, கோலரெட் அப்படியே இருக்கிறது என்றால் உண்ணி இன்னும் உயிரோடு இருக்கிறது. ஸ்டீராய்டு மட்டும் போட்டவர்களிடம் காணப்படுவது இதுதான். தெரியாமல் மாதக்கணக்கில் அதைத் தொடர்ந்தால் கண் அழுத்தம் ஏறும், புரை விழும். கோலரெட் உள்ள முடிகள் இரண்டுக்கு மிகாமல் இறங்கியும் உறுத்தல் போகவில்லை என்றால் உண்ணி மருந்தை நீட்டிப்பதில் பயன் இல்லை. கீழ் இமையை மறுபடி அழுத்தி, எண்ணெய் எப்படி வருகிறது என்று பாருங்கள்.